வண்டல் மண்ணில் அழுகிய ஆர்க்கிட்... கரித்துண்டில் பிழைத்த கதை!

வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கவில்லை. 600 ரூபாய்க்கு ஓர் ஆர்க்கிட் தொட்டி வாங்கினேன். வெள்ளை இதழில் ஊதா நரம்போடிய ஒன்பது பூக்கள். சென்னையிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

ஏன் செடி? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் கொல்லையில் தென்னை, மா, மல்லிப் பந்தல் எல்லாமே சாய்ந்துவிட்டன. அதன் பிறகு அம்மா ஒரு செடிகூட வைக்கவில்லை. ``வச்சு வளர்த்து, ஒரே ராத்திரியில பறிகொடுக்கவா?'' என்பார். அந்தக் கொல்லைக்குத் திரும்ப ஒரு பூவாவது வரட்டும் என்று நினைத்தேன்.

பொங்கலுக்குப் போனபோது பூக்கள் இல்லை. அதில் பயப்பட ஒன்றுமில்லை; அவை உதிரத்தான் செய்யும். ஆனால், இலைகள் காய்ந்த வெற்றிலைபோலச் சுருங்கித் தொங்கின. அடி இலை மஞ்சளாகியிருந்தது. தொட்டியிலிருந்து புளித்த வாடை.

``பூ கொட்டினதும் சத்து பத்தலையோன்னு நெனச்சேன். வாய்க்கால் வண்டலும் மக்கின சாணியும் போட்டு மண்தொட்டிக்கு மாத்தினேன். ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன். என் கை ராசியில்ல பாப்பா, தூக்கிப் போட்டுடு'' என்றார் அம்மா.

செடி போனால் இன்னொன்று வாங்கலாம். ஆனால், அந்த `கை ராசியில்ல' என்ற வார்த்தை அம்மாவிடம் தங்கிவிட்டால்? பொங்கலுக்கு மறுநாள் திண்ணையில் நியூஸ் பேப்பரை விரித்து உட்கார்ந்தோம்.

ஏன் அழுகியது?

நர்சரிகளில் அதிகம் விற்கும் `ஃபெலனாப்சிஸ்' வகை ஆர்க்கிட் இது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்வது. மரத்தின் சத்தை உறிஞ்சாது. அதில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதன் வேரைச் சுற்றி பஞ்சுபோல ஓர் உறை உண்டு. மழை பெய்தால் சட்டென்று தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு காற்றில் உலரும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேருக்கு உயிர்.

நெல்லின் கதை வேறு. அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக்குழாய்கள் இருப்பதால், தேங்கிய தண்ணீரிலும் வேர் மூச்சு விடும். நெல்லுக்குச் செய்த அதே உபசாரத்தை அம்மா ஆர்க்கிட்டுக்கும் செய்துவிட்டார். வண்டலுக்குள் காற்று போக வழியில்லை, வேர் அழுகிவிட்டது. வேர் அழுகியதால் இலைக்குத் தண்ணீர் போகவில்லை. இலை சுருங்கியதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பலர் வீட்டில் ஆர்க்கிட் சாவது இப்படித்தான்.

என்ன செய்தோம்?

தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்து, மண் முழுவதும் போகக் கழுவினோம். நனைந்தபின் பச்சையாகவும் விறைப்பாகவும் இருப்பது நல்ல வேர். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தால், விரலால் அழுத்தியதும் உறை கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சினால், அது செத்த வேர்.

கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, செத்த வேர்களை எல்லாம் வெட்டினேன். ``இத்தனையையும் வெட்டிட்டா, அது என்னத்த வச்சுடி தண்ணி குடிக்கும்?'' என்று அம்மா பதறினார். கடைசியில் மிஞ்சியவை மூன்றே வேர்கள். மஞ்சள் இலையையும் எடுத்துவிட்டேன். வெட்டிய முனைகளில் மட்டும் சமையலறைப் பட்டைத்தூளைத் தொட்டு வைத்தோம். நல்ல வேரில் அது படக் கூடாது, காயவைத்துவிடும். ஒருநாள் முழுக்க நிழலில் கிடந்தது செடி.

அடுத்து, மண் இல்லாத தொட்டி. அடுப்புக்கரியும் உடைந்த ஓடும் வீட்டிலேயே இருந்தன. தேங்காய் மட்டையை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நாள் ஊறவைத்தால் அதிலுள்ள உப்பும் கறையும் இறங்கும். (தென்னைநார்த் தூள் வேண்டாம், அது ஈரத்தை விடாது.) நான் மறுநாளே சென்னை கிளம்ப வேண்டியிருந்ததால் கரியையும் ஓட்டையும் வைத்து நட்டோம், மட்டைத்துண்டுகளை அம்மா பிறகு சேர்த்தார். தொட்டி, இருக்கும் வேருக்கு ஏற்ற சின்ன அளவு போதும். அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டைகள் வேண்டும். மூன்று வேரால் செடி நிற்காது என்பதால், ஒரு குச்சியில் துணியால் தளர்வாகக் கட்டினோம்.

கடைமடைத் தண்ணீர்

கடற்கரைக்குப் பக்கத்து ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால், ஆர்க்கிட் வேர் கருகிவிடும். மழைத்தண்ணீர்தான் அதற்கு நல்லது. கார்த்திகை மழையில் பிடித்துவைத்த ஒரு டிரம் தண்ணீரை அம்மா அதற்கென்று ஒதுக்கினார்.

நட்டதும் நான்கு நாள் தண்ணீர் கிடையாது. பிறகு, கரித்துண்டு காய்ந்தால் மட்டும், காலையில். இலைக்கு நடுவே உள்ள குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காலை வெளிச்சம் படும் கிழக்குத் திண்ணைதான் இடம். உச்சி வெயில் ஆகாது. சித்திரை வெயிலுக்கு, ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து, தண்ணீர் தொடாதபடி அதன்மேல் தொட்டியை வைத்தால் ஈரப்பதம் கிடைக்கும். புது வேர் வரும்வரை உரம் கூடாது. வந்த பிறகும், 19:19:19 உரத்தை பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு அளவு கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: ``அப்போ நான் என்னதான் செய்யறது?''

``ஒண்ணும் செய்யாம இரும்மா. நாத்து நட்டதும் பயிர் சோர்ந்துதானே நிக்கும்? பச்சை பிடிக்கிற வரைக்கும் நீ பொறுத்திருக்க மாட்டியா?''

அது அம்மாவுக்குப் புரிந்தது.

மாசி முழுக்க ஒரு மாற்றமும் இல்லை. பங்குனிக் கடைசியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வீடியோ கால். அம்மாவின் முகம் தெரியவில்லை. திரை முழுக்கத் தொட்டி. அடித்தண்டிலிருந்து அரிசி அளவுக்குப் பச்சை முனை ஒன்று எட்டிப்பார்த்தது. ``நாலாவது வேர்'' என்றார். ஆடியில் குருத்திலிருந்து புது இலை வந்தது. சுருங்கிய பழைய இலைகள் முழுதாக நிமிரவில்லை; அவை அப்படித்தான் இருக்கும். புது இலை நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

பூ இன்னும் வரவில்லை. பூக்காம்பு விடுவதற்கு இந்த வகைக்குச் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் வேண்டும். எங்கள் ஊரில் மார்கழி, தை தவிர அதற்கு வாய்ப்பில்லை. ஒரு வருடம் தள்ளிப்போனாலும் போகலாம். டெல்டா வெப்பத்தில் சீக்கிரம் பூ பார்க்க வேண்டுமென்றால் டென்ட்ரோபியம், வாண்டா வகைகள் நல்ல தேர்வு. வாண்டா நமக்கு அந்நியமும் இல்லை. `வாண்டா டெஸ்ஸெலேட்டா' என்ற ஆர்க்கிட் நம் நாட்டுச் சமவெளி மரங்களிலேயே வளர்வது. 1795-ல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய நூலில் வில்லியம் ராக்ஸ்பர்க் அதைப் பதிவு செய்திருக்கிறார். நம் காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசை இருந்தால், ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. மரத்திலிருந்து பிடுங்கி வர மட்டும் வேண்டாம்.

போன வாரம் ஊருக்குப் போனபோது, கொல்லையில் பந்தல் இருந்த இடத்தில் ஒரு மல்லிப் பதியன் நட்டிருந்தது. சுற்றிலும் வண்டல், சாணி, தண்ணீர்.

``இதுக்கு ஊத்தலாமில்ல?'' என்றார் அம்மா.

ஊத்தலாம்மா!