வரிக்குதிரை ஏன் தட்டில் இல்லை?

சஃபாரி முடித்து விமானம் ஏறுவதற்கு முன் டூரிஸ்டுகள் கடைசியாக ஒரு வெட்டு வெட்டும் இடம், நைரோபியில் இருக்கும் கார்னிவோர். 1980-ல் ஆரம்பித்த ஹோட்டல். நாங்களும் கிளம்பும் நாளில் போனோம். பெரிய கரி அடுப்பு. மாடு, ஆடு, பன்றி, கோழி என்று மாசாய் வாள்களில் குத்தி வாட்டி, மேஜைக்கே கொண்டுவந்து தட்டில் சீவிப் போடுகிறார்கள். மேஜையில் ஒரு குட்டிக் கொடி. அது நிற்கிறவரை கறி வந்துகொண்டே இருக்கும், சாய்த்தால் சரண்டர்! (அப்பா கடைசிவரை போராடினார், பாவம்.) முதலைக்கறி கோழிக்கும் மீனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. தீக்கோழி உருண்டை சூப்பர்.

விஷயம் அதுவல்ல. முன்பு இங்கே வரிக்குதிரையும் கிடைத்ததாம். 2004-ல் காட்டு விலங்குக் கறி விற்பனைக்குத் தடை வந்தபின், பண்ணையில் வளர்த்த முதலையும் தீக்கோழியும்தான். "அப்பவே வந்திருக்கணும்" என்று பக்கத்து மேஜையில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

எனக்கென்னவோ தடை சரி என்றே படுகிறது. கென்யாவில் வேட்டைக்கு 1977-லேயே தடை. ஆனால் தனியார் பண்ணை நிலங்களில் கணக்கு வைத்துச் சுட்டு விற்க அனுமதி இருந்தது. துண்டு போட்டபின் எது லைசென்ஸ் கறி, எது கண்ணியில் சிக்கிய திருட்டுக் கறி என்று யார் கண்டுபிடிப்பது? நிலக்காரர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு: என் மாட்டுக்கான புல்லை வரிக்குதிரை மேய்ந்தால் எனக்கென்ன லாபம்? அதற்கு அவர்களுக்கு டூரிஸ்ட் காசில் பங்கு கொடுக்கலாம். மாசாய் மாராவைச் சுற்றியுள்ள நிலங்களில் அப்படித்தான் வாடகை தருகிறார்கள்.