டாஸ்மாக் வரவையும் பெண்கள் கணக்கில் எழுதுங்கள்

பட்ஜெட் அன்று ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்து நிதியமைச்சர் பேசுவதைக் கேட்கும். எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு நாட்டமில்லை. கும்பகோணம் பக்கம் சார்நிலைக் கருவூலத்தில் பில் பாஸ் பண்ணியே தலை நரைத்தவள் நான். பேச்செல்லாம் முடிந்து, இணைப்புப் புத்தகங்கள் இணையத்தில் ஏறிய பிறகுதான் எனக்கு பட்ஜெட் தொடங்கும். எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள், போன வருஷம் கைதட்டு வாங்கிய தொகையைத் திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவு சத்தமில்லாமல் குறைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

மத்திய பட்ஜெட்டில் நான் தவறாமல் புரட்டுவது 13-ஆம் எண் அறிக்கை. பெண்களுக்கென்று எவ்வளவு ஒதுக்கினோம் என்று அரசு தானே எழுதிக்கொடுக்கும் கணக்கு அது. ஆஸ்திரேலியா 1984-லேயே இப்படியொரு கணக்கைப் போடத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 2005-06-இலிருந்து வருகிறது. 2025-26-க்கு அதில் காட்டியிருந்த தொகை 4.49 லட்சம் கோடி ரூபாய், அதாவது மொத்த பட்ஜெட்டில் 8.86 விழுக்காடு. கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் சூடு தெரியும்.

முழுக்க முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் முதல் பகுதியில். குறைந்தது 30 விழுக்காடாவது பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இரண்டாம் பகுதியில். அதற்கும் கீழே உள்ளவற்றுக்கு அண்மையில் மூன்றாவதாக ஒரு பகுதியும் வந்துவிட்டது. பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம் முதல் பகுதியில் இருக்கிறது. வீடு மனைவி பேரிலோ, இருவர் பேரிலுமாகவோ கிடைக்கிறது என்பதால் முழுத் தொகையும் பெண்கள் கணக்கு. வீடு பெண் பேரில் வருவது பெரிய விஷயம், மறுக்கவில்லை. அதற்காக அந்த வீட்டில் புருஷனும் பிள்ளையும் குடியிருக்க மாட்டார்களா? இன்னொரு பக்கம் நூறு நாள் வேலை. நாடு முழுக்க வேலைநாட்களில் பாதிக்கு மேல் பெண்களுடையதாக இருந்தது, தமிழ்நாட்டில் எண்பது விழுக்காட்டையும் தாண்டியது. அந்த ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவைத்தான் பல வருஷம் பெண்கள் கணக்கில் காட்டினார்கள். செய்த வேலைக்குக் குறைத்து எழுதினார்கள், குடியிருக்கும் வீட்டுக்குக் கூட்டி எழுதினார்கள். பட்ஜெட்டை முடித்துவிட்டு, கடைசியில் உட்கார்ந்து விழுக்காடு ஒட்டினால் இப்படித்தான் வரும்.

ஒரு கொள்கை ஆண்களை எப்படித் தொடுகிறது, பெண்களை எப்படித் தொடுகிறது என்று பார்க்க டவுன் பஸ் போதும். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் ஒரு நாளைச் சொல்கிறேன். சுவாமிமலைப் பக்கத்துக் கிராமம். முதலில் பிள்ளையைத் தன் அம்மா வீட்டில் விட ஒரு பஸ். அங்கிருந்து வேலை செய்யும் வீட்டுக்கு இன்னொன்று. மத்தியானம் ரேஷனில் சாமான் போடுகிறார்கள் என்றால் அதற்கு ஒன்று. பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்ப ஒன்று. அவள் புருஷன் கொத்தனார். காலையில் ஏறினால் கட்டடம், சாயங்காலம் ஏறினால் வீடு. பஸ் கட்டணத்தில் 2021 வரை ஆண், பெண் என்று ஒரு எழுத்து இருந்ததில்லை. குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய், ஏறும்போதெல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு இரண்டு டிக்கெட், அவளுக்கு நாலு. அவளுடைய கூலியோ அவன் கூலியில் பாதிகூட இல்லை. அதனால் பக்கத்து நிறுத்தங்களுக்கெல்லாம் நடந்தே போய்க்கொண்டிருந்தாள்.

2021 மே மாதம், ஆட்சி மாறிய கையோடு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு வந்தது. விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள், ஊரில் சொல்வது ஒயிட் போர்டு பஸ். மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, சராசரியாக ஒரு பெண்ணுக்கு மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. ஓசிப் பயணம் என்று ஒரு அமைச்சரே மேடையில் பேசி வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை. மேம்பாலத்தில் ஏறுகிற காரைப் பார்த்து யாரும் ஓசி என்று சொல்வதில்லை. அதுவும் வரிப்பணத்தில் கட்டியதுதான்.

கருவூலத்துக்காரியான எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. இலவசம் என்றாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு பணத்தை ஈடுகட்ட வேண்டுமென்றால் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கணக்கு வேண்டுமே, அதற்காக. அந்தச் சீட்டால்தான் தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் ஒரு நாளைக்கு எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்பது முதல்முறையாக அரசுக்கே எண்ணிக்கையாகத் தெரிந்தது. இன்றைக்கு அது நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் பயணத்துக்கு மேல். அதற்கு முன்னால் பயணி என்றால் பயணி, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரித்து எழுத யாருக்கும் அவசியம் வரவில்லை. பணம் பட்டுவாடா ஆக வேண்டும் என்றால்தான் நம் அலுவலகங்களில் எதையும் எண்ணுவார்கள். குறை சொல்லவில்லை, நானும் அதே பள்ளியில் படித்தவள்தான்.

எண்ணிக்கைக்கு வெளியே நிற்பதும் உண்டு. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அந்த வீட்டு வேலைப் பெண்ணைப் பார்த்தேன். வேறு பஸ் ஒன்று அப்போதுதான் கிளம்பிப் போனது. ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். "ஒயிட் போர்டு வரட்டும்னு நிக்கிறேம்மா. காசு மிச்சம், அரை மணி நேரம் போச்சு" என்றாள். அந்த அரை மணிக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்குத் தலைப்பு கிடையாது. மத்தியப் புள்ளியியல் துறை 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுவதாகவும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் சொல்கிறது. அதற்குமேல் ஒரு அரை மணியைப் பஸ் நிறுத்தத்தில் பிடுங்கினால் அது தூக்கத்திலிருந்துதான் போகும். காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, பள்ளிப் பிள்ளைகளுக்கானது, பெண்கள் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழுந்துகொண்டிருந்த எத்தனையோ தாய்மாருக்கு அது சற்று மூச்சுவிட இடம் கொடுத்தது. அதில் சமைப்பவர்களும் சுயஉதவிக் குழுப் பெண்களே. தாய்க்கு மிச்சமான நேரம், சமைக்கிறவளுக்குக் கிடைக்கும் தொகை இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் அது மதிப்பீடு.

இதெல்லாம் செலவுப் பக்கம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வரவுப் பக்கம்.

பெண்களுக்கான நம் பட்ஜெட் அறிக்கை செலவைத்தான் பேசுகிறது. வரி எங்கிருந்து வருகிறது, யார் பையிலிருந்து போகிறது என்று அதில் ஒரு வரி இருக்காது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வளையலுக்கும் பொட்டுக்கும் வரி இல்லை, சானிட்டரி நாப்கினுக்கு 12 விழுக்காடு. சத்தம் போட்ட பிறகு ஒரு வருஷம் கழித்து எடுத்தார்கள். சட்டம் எழுதும் மேசையில் ஒருவர் கேட்டிருந்தால் அந்த வருஷமே தேவைப்பட்டிருக்காது. வரவுப் பக்கத்தில் யோசிக்க முடியாது என்றும் இல்லை. பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அரசே செய்திருக்கிறது.

அப்படியானால் டாஸ்மாக்கை ஏன் விட்டுவிடுகிறோம்? 2003 நவம்பரிலிருந்து மதுவின் சில்லறை விற்பனை அரசு கையில். 2024-25-இல் ஆயத்தீர்வையும் விற்பனை வரியுமாக வந்தது 48,344 கோடி ரூபாய். மாநிலத்தில் குடும்ப அட்டைகள் ஏறத்தாழ இரண்டேகால் கோடி. வகுத்துப் பார்த்தேன். அட்டைக்கு வருஷம் 21 ஆயிரத்துக்கு மேல், மாதம் சுமார் 1,800 ரூபாய். இது அரசுக்குப் போகும் வரி மட்டும். குடிக்காத வீடுகளைக் கழித்துவிட்டால், குடிக்கிற வீட்டிலிருந்து போவது இதைவிட எவ்வளவோ கூடுதல். இதே அரசு மகளிர் உரிமைத் தொகையாக அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பது மாதம் ஆயிரம். 2025-26-இல் அதற்கு ஒதுக்கியது 13,807 கோடி.

அந்த ஆயிரத்தை வாங்க எத்தனை கேள்வி! வீட்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேல் கூடாது, கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது, கார் இருக்கக் கூடாது. புருஷன் பேரில் கார் இருந்து, மனைவி கையில் பத்து ரூபாய் இல்லாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்த பணம் எல்லோருக்கும் பொது என்று எந்த அதிகாரி நம்புகிறாரோ தெரியாது. 2023 செப்டம்பரில் முதல் தவணை ஏறியபோது குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்திலும் கை வைக்க, மாநில நிதியமைச்சர் கண்டிக்க வேண்டியிருந்தது. டாஸ்மாக் கவுண்டரில் ஒருவரும் வருமானச் சான்று கேட்பதில்லை.

என் தம்பி, "எல்லாம் பொம்பளைங்களுக்கே குடுத்தா ஆம்பளை என்னக்கா பண்ணுவான்?" என்று கேட்பான். அவனுக்கும் இதே கணக்கில்தான் பதில் இருக்கிறது. நாள் கூலியில் பெரும்பங்கை இந்தக் கடையில் கொட்டுவது கொத்தனாரும் சித்தாளும் சுமை தூக்குகிறவரும்தான். வருஷத்துக்குப் பத்து லட்சம் வாங்குகிறவர் தன் சம்பளத்தில் இந்த விகிதத்தில் எந்த வரியும் கட்டுவதில்லை. ஈரல் கெட்டு, ஐம்பது வயதுக்குள் போவதும் அந்த ஆண்தான். ஆக இந்த வரவில் ஆணுக்கு உடம்பு போகிறது, பெண்ணுக்கு வீட்டுச் செலவுக்கான காசு போகிறது. கடையை நாளைக்கே மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கள்ளச்சாராயத்தின் முகம் எது என்று நமக்குத் தெரியும். வருமானத்தைக் கணக்கில் எழுதும்போது அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது பெரிய செலவும் இல்லை. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் வருஷா வருஷம் வருவாய் அட்டவணை போடுகிறார்கள். பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்டம் போடலாம்: எந்த மாவட்டத்தில் எவ்வளவு விற்றது, அந்த மாவட்டத்தில் உரிமைத் தொகையாக எவ்வளவு போனது. இரண்டு எண்ணும் அரசிடம் இருக்கிறது. அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தக் கேள்வியை அவையில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் அதை உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.