மயக்கம் தெளிந்தால் மட்டும் போதுமா?

அல்சூர் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல, தலைமுறைச் சொத்து. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட ராமன் பெங்களூர் ஆட்டக்காரர்தான். அந்தப் பெருமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். காலையில் மைதானத்தைச் சுற்றுகிறார்கள். தேய்ந்த முழங்காலுக்கு அறுவை சிகிச்சையும் செய்துகொள்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர், வயது 71. அறுவை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் இரவு, "மேட்ச் ஆரம்பிச்சாச்சு, என் பூட்ஸ் எங்கே?" என்று எழுந்திருக்கிறார். மறுநாள் பேச்சே இல்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். "தாத்தா ஓய்வெடுக்கிறார்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். "இவர் என் வீட்டுக்காரர் மாதிரியே இல்லையே" என்று அவர் மனைவி புலம்பியதைக் கேட்க ஆளில்லை. இன்னும் ஒரு நாள் போனபிறகுதான் ஒரு டாக்டர் அது 'டெலிரியம்' என்ற மூளைக் குழப்பம் என்று கண்டுபிடித்தார்.

வயதானவர்களுக்கு அறுவைக்குப் பிறகு இது அடிக்கடி வருவதுதான். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு நினைவாற்றல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். சத்தமில்லாமல் சுருண்டு கிடப்பவரைத்தான் தவறவிடுகிறார்கள். விளையாட்டு வீரரின் உடற்கட்டு நல்ல துணைதான். ஆனால் அது காப்புறுதிப் பத்திரம் அல்ல.

முழு மயக்கத்தின்போது நெற்றியில் ஒரு பட்டை ஒட்டி, மூளையின் மின்னலைகளைக் கண்காணிக்கும் கருவி இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. 1924-ல் ஜெர்மானிய டாக்டர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையில் முதன்முதலாகப் பதிவு செய்த அதே அலைகள்தாம். கருவி 0 முதல் 100 வரை எண் காட்டும். 40-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் மயக்கம் அளவாக இருக்கிறது என்று பொருள். நல்ல கருவிதான். ஆனால் அதை வைத்து மயக்க மருந்தைக் குறைத்ததால் குழப்பம் குறையவில்லை என்று, 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019-ல் சொல்லிவிட்டது. ஆக, அறுவை அறையோடு காவல் முடிந்துவிடாது.

வார்டில் அந்தக் காவலுக்கு இயந்திரம் வேண்டாம். இரண்டு கேள்விகளில் தொடங்கலாம். "இது எந்த இடம்? இன்று என்ன கிழமை?" இதைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டால், அரைமயக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பெரியவர் விழிக்கத்தான் செய்வார். விழிப்பது மூளைக் குழப்பமா, மொழிக் குழப்பமா என்று யார் சொல்வது? கன்னட மண்ணில் கன்னடத்தை மதிப்பது நம் கடமை. நோயாளியிடம் அவர் தாய்மொழியில் பேசுவது மருத்துவத்தின் கடமை. தமிழ் தெரிந்த நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரி இந்த ஊரில் அபூர்வம். கூப்பிடத்தான் மனம் வேண்டும்.

நம் பங்கும் உண்டு. மறதி, மதுப்பழக்கம், தூக்க மாத்திரை எதையும் மறைக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். பல ஆண்டுகள் ஓடிப் பழகியவருக்கு நாடித்துடிப்பு இயல்பாகவே குறைவாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இரவில் தூங்கவிடுங்கள், பகலில் பேச்சுக் கொடுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது மைதானத்துக்கு வருகிறார். பேரனின் ஆட்டத்தைப் பார்க்கிறார். ஆனால் ஸ்கோரை இரண்டு முறை கேட்கிறார். முழங்கால் குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரி கணக்கை முடித்துவிட்டது. வீட்டில் கணக்கு இன்னும் முடியவில்லை.