கூட்டத்தில் நிற்கும் ‘நம்ம ஆள்’

பேருந்து நிலையத்து ஓரத்தில் லேகியம் விற்றவரைப் பலருக்கும் நினைவிருக்கும். அவர் பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வருவார். ‘போன மாசம் வாங்கினேன், மூட்டுவலி போன இடம் தெரியல’ என்று சொல்லி, இன்னும் இரண்டு டப்பா கேட்பார். அதைப் பார்த்து மற்றவர்களின் கையும் பைக்குள் போகும். அடுத்த ஊர்ச் சந்தையில் அதே ஆள், அதே மூட்டுவலியோடு நிற்பார்.

அந்த ஆள் இப்போது நம் செல்போனுக்குள் வந்துவிட்டார். இன்று அவருக்கு ஐந்து பெயர், பத்து முகம்.

ஒரு வியாபாரி சமூக ஊடகங்களில் பல கணக்குகள் வைத்திருப்பதில் தவறே இல்லை. மொத்த விற்பனைக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று என வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் கடையின் பெயர் தெரிகிறவரை, அவை ஒரே கடையின் பல வாசல்கள். விற்பவரே வாங்கியவராக வேடம் போடும்போதுதான் அது மோசடியாகிறது.

அமெரிக்காவின் ‘சன்டே ரைலி’ அழகுப் பொருள் நிறுவனம் செய்தது இதைத்தான். ‘செஃபோரா’ விற்பனைத் தளத்தில் வெவ்வேறு பெயர்களில் மூன்று கணக்குகள் தொடங்குங்கள், எங்கள் பொருளுக்கு ஐந்து ஸ்டார் கொடுங்கள், குறை சொல்லும் கருத்தைப் பார்த்தால் ‘டிஸ்லைக்’ செய்யுங்கள் என்று 2016இல் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போனது. எங்கிருந்து எழுதுகிறார்கள் என்பதை மறைக்கும் வழியும் சொல்லித்தரப்பட்டது. சம்பளம் கொடுக்கும் கையே பொய் சொல்லப் பணித்தால், ஊழியர் என்ன செய்வார்?

2019இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஆனால், ஒரு டாலர்கூட அபராதம் இல்லை. ‘இனி செய்யக் கூடாது’ என்ற உத்தரவோடு விவகாரம் முடிந்தது. ஆணையத்தின் உறுப்பினர்களிலேயே இருவர் இதை எதிர்த்தார்கள். பிறகு 2024இல்தான் போலிக் கருத்துகளுக்கு எதிராகத் தனி விதி வந்தது. இப்போது அங்கே ஒரு மீறலுக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்க முடியும்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. விற்பவர் தன்னை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு கருத்து எழுதக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. இணையக் கருத்துகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநிலையையும் கொண்டுவந்தது. ஆனால், அப்போது அது கட்டாயமாக்கப்படவில்லை. ஏட்டில் இருக்கும் விதி வாங்குபவரைக் காப்பாற்றாது. அதை அமல்படுத்தும் வேகம் வேண்டும்.

இந்த ஏமாற்றில் முதலில் அடிபடுவது நேர்மையான சிறு வியாபாரிதான். வீட்டில் இட்லிப் பொடி அரைத்து, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்கும் பெண்ணுக்குக் கிடைத்த எட்டு நல்ல வார்த்தைகளும் உண்மையானவை. பக்கத்தில் எண்ணூறு போலி வார்த்தைகள் நின்றால் அந்த எட்டும் யார் கண்ணில் படும்? போலி பெருகப் பெருக, வாசகர் எதையுமே நம்பாமல் போகிறார். அப்போது அந்தப் பெண்ணின் உண்மைக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

வியாபாரிகளே, வாங்கியவரிடமே கருத்தைக் கேளுங்கள். குறை வந்தால் அழிக்காதீர்கள். அதன் கீழேயே, உங்கள் பெயரிலேயே பதில் சொல்லுங்கள். குறைக்குப் பொறுப்பாகப் பதில் சொல்லும் கடையை மக்கள் மறக்க மாட்டார்கள்.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். வாங்கிய பொருள் நன்றாக இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்; இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். வாங்கியவர்கள் வாய்மூடி நிற்கும் கூட்டத்தில்தான் லேகியக்காரரின் ஆளுக்கு வேலை கிடைக்கிறது.