மரங்களுக்கும் தூரத்து உறவு வேண்டும்

ஜொகூர் மாநிலத்தின் காஹாங் நகரிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவிற்குச் செல்லும் வழியில் முதலில் தென்படுபவை செம்பனைத் தோட்டங்கள். அவற்றைக் கடந்த பின்னரே மெராந்தி, கெருயிங் போன்ற மரங்கள் ஓங்கி நிற்கும் மழைக்காடு தொடங்குகிறது. இத்தகைய காட்டின் நலனை மரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. அம்மரங்களுக்கு இடையிலான உறவையும் கவனிக்க வேண்டும்.

நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். இது மரங்களுக்கும் பொருந்தும். மரங்களில் தீங்கு தரும் மரபணுக்கள் சில மறைந்திருக்கும். ஒரு மரம் தன் மகரந்தத்தாலோ நெருங்கிய உறவு மரத்தின் மகரந்தத்தாலோ கருவுற்றால், அதே மரபணு இருவழியிலும் வந்து சேர்ந்து வெளிப்படலாம். அதனால் விதை பொய்த்துப் போகலாம். முளைத்த கன்றும் நலிந்து வளரலாம். ஒளி குறைந்த காட்டுத் தரையில் நலிந்த கன்று பிழைப்பது அரிது. சார்லஸ் டார்வின் பதினோர் ஆண்டுகள் பலவகைச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். அயல் மகரந்தச் சேர்க்கையால் பிறந்த செடிகளே பெரும்பாலும் உயரமாகவும் செழிப்பாகவும் வளர்ந்தன என்று 1876இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார்.

மெராந்தி விதைகளுக்குச் சிறகு இருந்தாலும், பெரும்பாலானவை தாய்மரத்தின் அருகிலேயே விழுகின்றன. ஆகவே, பக்கத்து மரம் பெரும்பாலும் உறவு மரமே. அதன் பூக்களில் மகரந்தத்தைச் சுமப்பவையோ மிகச்சிறிய பூச்சிகள். பெரிய மரங்கள் வெட்டப்பட்டு, எஞ்சியவை தனித்தனியே நின்றால் தொலைவிலுள்ள மரத்தின் மகரந்தம் வந்து சேர்வது கடினம். மேலும், இம்மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் பூக்கின்றன. விதைகளையும் நெடுநாள் சேமித்து வைக்க இயலாது.

வெட்டிய இடத்தில் கன்றுகளை நட்டால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். மலேசியாவில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய 10 கோடி மரம் நடும் இயக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால், ஒரே தாய்மரத்தின் விதைகளிலிருந்து வளர்த்த கன்றுகள் அனைத்தும் உடன்பிறப்புகளே. இன்று பசுமையாகத் தோன்றினாலும், அவை தமக்குள் சேர்ந்து ஈனும் அடுத்த தலைமுறை வலுவிழந்து போகக்கூடும்.

எனவே, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள பல தாய்மரங்களிலிருந்து விதை சேகரிக்க வேண்டும். மரம் வெட்டும்போது, விதை தரும் மரங்களைப் போதிய எண்ணிக்கையில் விட்டுவைக்க வேண்டும். துண்டுபட்ட காடுகளை மரவரிசைகளால் இணைக்கவும் வேண்டும். பள்ளியில் மரம் நடும் மாணவர்களும் ‘எத்தனை கன்றுகள்?’ என்பதோடு ‘எத்தனை தாய்மரங்களின் கன்றுகள்?’ என்றும் கேட்கப் பழகட்டும்.