பரிசு அடுப்பும் நம் கடைப் பெயரும்

விலைவாசி, வரி, லைசென்ஸ், வாடகை என்று வழக்கமான சங்கதிகள் வரும் இந்தப் பக்கத்தில் கேஸ் அடுப்பைப் பற்றி எழுத வருகிறேனே என்று அங்கத்தினர்கள் ஆச்சரியப்படலாம். பாத்திரக்கடைக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது, மளிகைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். வேலை இருக்கிறது. தீபாவளிச் சீட்டு பிடிக்கும் மளிகைக் கடைகள் நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சீட்டு முடிந்ததும் வெல்லம், மைதா, எண்ணெயோடு எவர்சில்வர் குடம் கொடுத்தோம். அப்புறம் குக்கர் கொடுத்தோம். இப்போது போட்டிக்குப் போட்டி இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு கொடுக்கிறோம். நானும் கொடுத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரிடம் நாற்பது கண்ணாடி அடுப்பு எடுத்தேன். பளபளவென்று இருந்தது, பெட்டியில் பூப்போட்ட படம். மார்க்கெட்டில் விற்கும் நல்ல அடுப்பில் பாதி விலைதான். பில் கேட்டதற்கு, "வேணும்னா போட்டுத் தரேன் அண்ணாச்சி, வரி சேரும்" என்றார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பத்து வருஷமாகப் பற்று வைத்து வாங்கும் அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். காலில் கட்டு. தோசைக்கல்லை ஒரு பக்கமும் சாம்பார் சட்டியை ஒரு பக்கமும் வைத்திருந்தபோது கண்ணாடி டமாரென்று வெடித்து, சட்டி சரிந்து, கொதிக்கிற சாம்பார் புறங்காலில் கொட்டிவிட்டது. சத்தம் போடவில்லை அவர். "உங்க கடை அடுப்புன்னுதான் அண்ணாச்சி நம்பிப் பத்த வச்சேன்" என்று மட்டும் சொன்னார். வைத்தியச் செலவைக் கொடுத்தேன். பழைய பாக்கியை முழுவதும் தீர்த்துவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. மொத்த வியாபாரியின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேர் வீட்டுக்கும் போய் அடுப்புகளைத் திருப்பி எடுத்தேன். அந்த நஷ்டத்தை இங்கே எழுதிப் பயனில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அடுப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை உங்களிடம் சொல்வதில் பயன் உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் முத்திரை. வீட்டு உபயோக எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்திய தர எண் ஐ.எஸ். 4246. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால் அது வெறும் படம். எண் இருந்தாலும் அது உண்மைதானா என்று பார்க்க இப்போது செல்போனிலேயே வழி இருக்கிறது. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்தச் சரக்குக்கு லைசென்ஸ், அது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். நான் வாங்கிய நாற்பது பெட்டியிலும் முத்திரை மாதிரி ஒன்று அச்சடித்திருந்தது, எண் இல்லை. கொள்முதல் செய்யும்போது இதைப் பார்க்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கேஸ் கசிகிறதா, சுடர் சரியாக எரிகிறதா, பாத்திரத்துக்குச் சூடு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று சோதிக்கிறார்கள். எரிகிற கேஸின் சூட்டில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. இதை நம் கல்லாக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டர் மாதம் ஒன்று செலவாகும் குடும்பம் என்று வையுங்கள். அடுப்பு 68-க்குப் பதில் 60 சதவீதம்தான் கொடுக்கிறது என்றால், அதே சமையலுக்கு வருஷம் 12 சிலிண்டருக்குப் பதில் 13.6 சிலிண்டர் வேண்டும். ஒன்றரை சிலிண்டருக்கு மேல் சும்மா எரிந்து போகிறது. அடுப்பு ஐந்து வருஷம் ஓடினால் எட்டு சிலிண்டர். அடுப்பில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. கேஸ் சீக்கிரம் தீர்கிறது என்று ஏஜென்சிக்காரரை ஏசுவார்.

இனி அடுப்பின் உடம்பு. நம் பக்கத்துச் சமையல் அடுப்புக்குக் கொடுக்கும் தண்டனை வேறு ஊர்ச் சமையலில் இல்லை. பானையில் சோறு பொங்கிக் கஞ்சி வழிந்து பர்னரின் துளைகளில் இறங்கும். புளிக்குழம்பு தெறிக்கும். பால் பொங்கும். கனமான இரும்புத் தோசைக்கல் மணிக்கணக்கில் சூட்டைக் கீழ்நோக்கித் திருப்பி அடிக்கும். ஐப்பசியில் முறுக்கும் அதிரசமும், மார்கழியில் விடியற்காலைப் பொங்கலும், கல்யாண மாதத்தில் விருந்தாளிக் கூட்டமுமாக அடுப்புக்கு ஓய்வே கிடையாது. ஆகவே பர்னர் பித்தளையாக இருக்கட்டும். அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும் உலோகம்; பித்தளை உருக ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். அடுப்பில் எதுவும் உருகப் போவதில்லை என்றாலும், நாள்பட்ட சூட்டிலும் உப்பிலும் புளியிலும் அலுமினியம் அரித்து, நெளிந்து, மூடி சரியாக உட்காராமல் போகிறது. பித்தளையை ஊசியால் குத்தித் துடைத்து, கழுவிக் காயவைத்து மாட்டினால் பல வருஷம் வரும். பித்தளை நிறம் பூசிய அலுமினியமும் வருகிறது. கையில் தூக்கிப் பாருங்கள், எடையே சொல்லிவிடும். சந்தேகமானால் அடியில் ஒரு கீறு, வெள்ளையாகத் தெரியும்.

எவர்சில்வர் விஷயத்தில் நாம் எல்லோரும் காந்தம் வைத்துப் பார்க்கிறோம். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி என்பது நம் பழைய நம்பிக்கை. அது பாதிதான் சரி. நிக்கல் அதிகமுள்ள 304 தகட்டிலும் காந்தம் ஒட்டாது; நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 தகட்டிலும் ஒட்டாது. துருவைத் தாங்குவதில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, விலையிலும் உண்டு. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் இதைப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது. தகடு எவ்வளவு கனம் என்பதையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். நிறைந்த பானையை வைத்தால் நடுவில் பள்ளம் விழுகிற அடுப்பு அடுத்த பொங்கலைப் பார்க்காது.

கண்ணாடி அடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பெனி முறையாகப் பதப்படுத்திய கண்ணாடி வீடுகளில் வருஷக்கணக்காக ஓடுகிறது. துடைக்கச் சுலபம், சமையலறைக்கு அழகு. ஆனால் அது கண்ணாடிதான். பர்னரைவிட மிகப் பெரிய பாத்திரமோ கல்லோ வைத்துச் சூடு கீழே அடித்தாலும், சூடாக இருக்கும்போது ஈரத்துணி போட்டாலும், பர்னருக்குள் அடைப்பு ஏற்பட்டு நெருப்பு அடியில் பிடித்தாலும் வெடிக்கும். தினமும் பெரிய தோசைக்கல் ஏறும் வீட்டுக்கு எவர்சில்வர் மேல்தகடுதான் என் சிபாரிசு. பெண்கள் கண்ணாடியைத்தான் கேட்கிறார்கள் என்பார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் காரணத்தைச் சொன்னதும் மனசு மாறாதவர்கள் சிலரே.

தானாகப் பற்றும் பொத்தான் வைத்த அடுப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம். கஞ்சி வழிகிற வீட்டில் அந்தப் பொத்தான்தான் முதலில் கெட்டுப் போகிறது. அதே பணத்தைக் கனமான பாத்திரத் தாங்கியிலும் நல்ல திருகிலும் போடலாம். திருகு முக்கியம். அழுத்தித் திருப்பினால்தான் திறக்க வேண்டும், சும்மா கை பட்டுத் திறக்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கி நிற்கும். அடுப்பை மேடைமேலும் சிலிண்டரைக் கீழே நிமிர்த்தியும் வைக்கச் சொல்லுங்கள்.

டியூப் நம்மில் பலர் மளிகையோடு மளிகையாகத் தொங்கவிட்டு விற்கிற சரக்கு. பச்சை நிறத்தில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற டியூபை இத்தோடு நிறுத்த வேண்டும். ஐ.எஸ். 9573 எண் போட்ட, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்தான் வீட்டுக்கு ஏற்றது. அதையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எண்ணெய்க் கம்பெனிகள் சொல்கின்றன. விற்கும்போது தேதியைப் பில்லில் குறித்துக் கொடுங்கள். ஐந்தாம் வருஷம் அவர் திரும்ப வருவதும் நம் கடைக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் வருஷத்து இந்தியத் தர நிர்ணயச் சட்டம், முத்திரை கட்டாயமான சரக்கை அது இல்லாமல் தயாரிப்பவரை மட்டும் பிடிக்கவில்லை. விற்பவர், விற்பதற்காகக் கிடங்கில் வைப்பவர், கடையில் பார்வைக்கு வைப்பவர் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று வைத்தார்கள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு சுருக்குப் போட்டிருக்கிறது. சரக்கைத் தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால், அதனால் வந்த கேட்டுக்கு விற்றவரே பொறுப்பாளி. பில் இல்லாமல், கம்பெனி விலாசம் இல்லாமல் நான் வாங்கிய நாற்பது அடுப்புக்கும் தயாரிப்பாளர் யார் என்றால், சட்டத்தின் கண்ணில் நான்தான். அந்த அம்மா கோர்ட்டுக்குப் போகாதது அவருடைய பெருந்தன்மை.

இணையத்தில் விற்கிறவனுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அப்படி இல்லை. 2022-இல் தர முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகப் பெரிய இணைய விற்பனை நிறுவனங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அவர்களுக்கு அது ஒரு நாள் டீச் செலவு. நமக்கு அது ஒரு தீபாவளி வியாபாரம்.

"ஜனங்கள் விலை குறைந்ததைத்தானே கேட்கிறார்கள், நான் வைக்காவிட்டால் எதிர்க்கடைக்காரர் வைப்பார்" என்று சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சீட்டுக் கட்டுகிறவர்களும் பரிசு எது பெரிதாகத் தெரிகிறதோ அந்தக் கடைக்குத்தான் போகிறார்கள். என் சீட்டில் போன வருஷம் பதினாலு பேர் குறைந்தார்கள். அதனால்தான் இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது, சங்கமாகச் செய்ய வேண்டும் என்கிறேன். நாம் முப்பது கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே கொள்முதலாக எடுத்தால், முத்திரையும் பித்தளை பர்னரும் உள்ள அடுப்பைக் கம்பெனி டீலரிடமே நல்ல விலைக்குப் பேசலாம். கூடவே இரண்டு நிபந்தனை வைக்க வேண்டும். பர்னர், திருகு, ஜெட் ஆகிய உதிரிகள் ஐந்து வருஷத்துக்குக் கிடைக்க வேண்டும். ரிப்பேர் பார்க்க ஒருவர் நம் ஊரிலேயே இருக்க வேண்டும். உதிரி கிடைக்காத அடுப்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இரண்டாம் வருஷமே பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

டீக்கடை, பலகாரக் கடை நடத்தும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே எழுதியதெல்லாம் வீட்டு அடுப்பு. அதைக் கடையில் வைத்துக் காலை நாலு மணி முதல் ராத்திரி வரை எரித்துவிட்டு ஆறு மாதத்தில் போய்விட்டது என்று குறை சொல்லாதீர்கள். கடைக்கு 19 கிலோ சிலிண்டரும் அதற்கேற்ற கடை அடுப்பும்தான்.

கூட்டுக் கொள்முதல் யோசனையை அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேர விரும்பும் கடைக்காரர்கள் எத்தனை அடுப்பு வேண்டும், கண்ணாடியா எவர்சில்வரா என்று குறித்து, ஆடி முடிவதற்குள் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் தீபாவளிக்கு முன் சரக்கு வந்து இறங்கிவிடும்.