லேபிள் உங்களுடையது, லேபர் யாருடையது?

அறிவுசார் சொத்துரிமை வக்கீல் என்றால் சினிமாப் பாட்டுக்கும் சாஃப்ட்வேருக்கும் சண்டை போடுகிறவர் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. திருப்பூரில் நாலு பனியன் கம்பெனிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். இங்கே அவர் சண்டை போடுவது டி-ஷர்ட்டின் கழுத்துக்குப் பின்னால் தைக்கிற இரண்டு விரல் அகலத் துணிக்காக. லேபிளுக்காக!

இந்தச் சண்டையில் ஒரு பெரிய பித்தலாட்டம் இருக்கிறது என்பது என் கட்சி. கோபம் வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். காதர்பேட்டை மாதிரி இடத்தில் சாதாரண வாடிக்கையாளர் போல ஒருவர் வந்து சாம்பிள் வாங்குவார். அந்த பீஸும் பில்லும்தான் சாட்சியம். அடுத்தது கோர்ட். எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலேயே இடைக்காலத் தடை வாங்கலாம். கூடவே ஒரு அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு நாள் காலையில் அவர் வந்து கட்டுகளை எண்ணி, பட்டியல் போட்டு, சீல் வைத்துவிட்டுப் போவார். 1999-ம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 134-வது பிரிவுப்படி, பிராண்டுக்காரர் தான் தொழில் செய்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். அதாவது, திருப்பூர்க்காரர் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டும்.

கிரிமினல் வழியும் உண்டு. 115-வது பிரிவுப்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, பதிவாளரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு, வாரண்ட் இல்லாமலேயே சோதனை போட்டுப் பறிமுதல் செய்யலாம். 103-வது பிரிவில் தண்டனை 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: ஏமாற்றும் நோக்கம் தனக்கு இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். மேலிருந்து வந்த ஆர்டருக்கு லேபிள் தைத்துக் கொடுத்த ஜாப் ஒர்க்காரருக்கும் இதே கதிதான்.

எதிராளி யார் என்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'அசோக் குமார்' என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டே தடை வாங்கலாம். 2012-ல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய இப்படிப்பட்ட உத்தரவால் விமியோ மாதிரித் தளங்களே முடங்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் முடக்க வேண்டும் என்று அப்புறம் கோர்ட்டே விளக்க வேண்டியதாயிற்று.

போலி லேபிள் அடிப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. போலி போலிதான். கஷ்டப்பட்டுப் பெயர் வாங்கிய உள்ளூர் பனியன் பிராண்டையும் அது அடித்துவிடும். என் கேள்வி வேறு.

கோர்ட்டில் அந்த வக்கீல் என்ன வாதாடுகிறார்? "கனம் நீதிபதி அவர்களே, இந்தப் பெயர் ஒரு வாக்குறுதி. இந்தப் பெயரோடு வருகிற சரக்கு எங்களிடமிருந்து வருகிறது, அதற்கு நாங்கள் பொறுப்பு என்று ஜனங்கள் நம்புகிறார்கள்." வணிகச் சின்னச் சட்டத்தின் அடிப்படையே இதுதான். சின்னத்தை இன்னொருவர் பயன்படுத்த அனுமதித்து அதைப் பதிவு செய்யப் போனால், அந்தப் பயன்பாட்டின் மேல் உங்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறது 49-வது பிரிவு. ஆக, பெயர் என்றால் கட்டுப்பாடு. கட்டுப்பாடு என்றால் பொறுப்பு. சரிதானே?

இப்போது இன்னொரு காட்சிக்கு வாருங்கள். 2011 மே மாதம் நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் தமிழ்நாட்டு நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, கிராமத்துப் பெண் பிள்ளைகளை அழைத்து வருகிற ஏற்பாடு. வெளியே போக அனுமதி இல்லை, அளவுக்கு மீறிய வேலை, பாதியில் நின்றால் அந்தப் பணம் இல்லை என்றெல்லாம் அதில் இருந்தது. இந்த மாதிரி அறிக்கை வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில் ஒன்று உண்டு: "அது தனி நிறுவனம். எங்களுக்கு நேரடி சப்ளையரே அல்ல."

அடடா! போலி டி-ஷர்ட் என்றால் சந்துக்குள் இருக்கிற பத்து மெஷின் யூனிட்வரை தேடி வரத் தெரிகிறது. நூல் எந்த மில்லில் இருந்து வந்தது என்று மட்டும் தெரியாதாம். துணியின் ஜி.எஸ்.எம். என்ன, ஷேடு என்ன, ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று மெர்ச்சண்டைசரைப் போட்டு வாட்டி எடுக்கிறார்கள். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண் எத்தனை மணி நேரம் ஓவர்டைம் பார்த்தாள் என்று எண்ணத் தெரியாதா?

இதோடு முடியவில்லை. பெயரைக் காக்கிற வக்கீலின் பையில் இரண்டாவதாக ஒரு காகிதமும் இருக்கிறது. முதல் காகிதம் 'எங்கள் பெயரைத் துணியில் போடாதே' என்கிறது. இரண்டாவது 'எங்கள் பெயரை வாயால் சொல்லாதே' என்கிறது. பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். ஜி-ஸ்டார் முதலிய பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுத்த ஃபைபர்ஸ் அண்ட் ஃபேப்ரிக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் வேலை நிலைமையைப் பற்றித் தொழிலாளர் அமைப்புகள் பேசின. 2006-ல் அவற்றுக்கு எதிராகக் கோர்ட் தடை வந்தது. அடுத்த வருடம் அந்தத் தகவலை வெளியிட்ட நெதர்லாந்து அமைப்புகள் மேலும், அவற்றுக்கு இணைய வசதி கொடுத்த நிறுவனங்கள் மேலும்கூட கிரிமினல் வழக்கு! கடைசியில் நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் ரூட் லுபெர்ஸ் நடுவராக வந்து, 2008 ஜனவரியில் சமரசமாகி வழக்குகள் வாபஸ் ஆயின. தையல்காரப் பெண்கள் சொன்னது உண்மையா பொய்யா என்று எந்தக் கோர்ட்டிலும் விசாரித்து முடிக்கவில்லை. வாயை மூடுவதற்குத்தான் அவசரம்.

இதெல்லாம் சட்டமே இல்லாததால் நடக்கிறதா? இல்லை. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது சம்பந்தமான வழக்கில், அரசு அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் - ஜீ வழக்கிலும், விசாரணைக்கு முன்பே கட்டுரையைத் தடுப்பது விதிவிலக்கான சூழ்நிலையில்தான் கூடும் என்றது. சரக்கு மூட்டைக்கு சீல் வைக்கிற வேகத்தில் மனிதர்களின் வாய்க்கு சீல் வைக்கக் கூடாது. இது கீழ்க் கோர்ட்டு வாசலில் நிற்கிற வக்கீலுக்குத் தெரியாததா என்ன?

"தம்பி, பிராண்டுக்காரர் முதலாளி கிடையாது, சட்டப்படி அவருக்குப் பொறுப்பில்லை" என்று சொல்வார்கள். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது என்றால் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்! எழுத முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், எச் அண்ட் எம் எல்லாம் கையெழுத்துப் போட்டன, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க பிராண்டுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் அது. ஓர் உயிர் போன பிறகுதான் பேனாவை எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் எழுத முடிந்தது அல்லவா?

என்னோடு சட்டம் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு உங்களில் யாராவது பெரிய பிராண்டுக்கு வக்கீலாகி, "இந்தப் பெயர் எங்கள் சொத்து" என்று மனு எழுதப் போகிறீர்கள். தாராளமாக எழுதுங்கள், நல்ல ஃபீஸும் வாங்குங்கள். ஆனால் அதே கட்சிக்காரர் அடுத்த மாதம் வந்து "அந்த மில் யாரென்றே தெரியாது" என்று எழுதச் சொன்னால், உங்கள் பழைய மனுவை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். லேபிளுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர், அதைத் தைத்த கைக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.